ஹாரி பார்ட்ச்

ஹாரி பார்ட்ச் (ஜூன் 24, 1901 – செப்டம்பர் 3, 1974) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த இசையமைப்பாளரும், இசைக் கோட்பாட்டாளரும், இசைக்கருவிகளை உருவாக்கியவரும் ஆவார். மேற்கத்திய இசையில் ஒரு ஸ்தாயியை 12 சம பங்குகளாகப் பிரிக்கும் முறையை இவர் ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக, ஒரு ஸ்தாயியில் 43 சுரங்களைக் கொண்ட சுர வரிசை ஒன்றை வகுத்தார். அந்தச் சுரங்களை வாசிக்கக்கூடிய கருவிகள் எங்கும் கிடைக்காததால், தமக்குத் தேவையான கருவிகளைத் தாமே செய்துகொண்டார். மரம், மூங்கில், கண்ணாடிக் குடுவை, பீரங்கிக் குண்டின் பித்தளை உறை, மதுப் புட்டி, மின்விளக்குக் குமிழ் போன்ற பலவகைப் பொருட்களைக் கொண்டு இவர் உருவாக்கிய கருவிகள், 20ஆம் நூற்றாண்டின் குறிப்பிடத்தக்க இசைக்கருவித் தொகுப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன.

இவரது இசை பெரும்பாலும் இக்கருவிகளுக்காகவே எழுதப்பட்டது. எனவே கருவிகள் அழிந்தால் இசையும் ஒலிக்க வழியின்றிப் போய்விடும் என்ற நிலை இவரது வாழ்நாள் முழுவதும் இருந்தது. நிலையான வேலையோ, நிலையான வீடோ இல்லாமல், பெருகிக்கொண்டே வந்த கருவிகளுடன் ஊர் ஊராக இடம் மாறியதே இவரது வாழ்க்கையின் பெரும்பகுதியாகும்.

பிறப்பும் இளமையும்

ஹாரி பார்ட்ச் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் பிறந்தார். இவரது பெற்றோர் வர்ஜில் பார்ட்ச், ஜென்னி பார்ட்ச் இருவரும் கிறித்தவ மதப் பணியாளர்களாகச் சீனாவில் பணியாற்றியவர்கள். 1900ஆம் ஆண்டில் அங்கு நடந்த பாக்சர் கிளர்ச்சியை அடுத்து அவர்கள் தாயகம் திரும்பினர். தாயாரின் உடல்நிலை காரணமாகக் குடும்பம் வறண்ட தட்பவெப்பம் கொண்ட அரிசோனாப் பகுதிக்குச் சென்றது. தந்தை குடிவரவுத் துறையில் பணியாற்றினார். பென்சன் என்ற சிற்றூரில் பார்ட்ச்சின் இளமைப் பருவம் கழிந்தது.

தாயார் சீன மொழிப் பாடல்களைப் பாடுவார். அப்பகுதியில் வாழ்ந்த யாக்கி இனத் தொல்குடியினரின் பாடல்களையும் சிறுவன் பார்ட்ச் கேட்டு வளர்ந்தார். வீட்டில் ஆர்மோனியம், கிளாரினெட், வியோலா, கிதார், பியானோ ஆகியவற்றை வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஐரோப்பியச் செவ்வியல் இசைக்கு வெளியே உள்ள ஒலிகள் சிறு வயதிலேயே இவரது காதில் விழுந்தமை, பிற்காலத்தில் இவரது சிந்தனையைத் தீர்மானித்த காரணங்களுள் ஒன்றாகும்.

1913இல் குடும்பம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க்கி நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு பியானோவை முறையாகப் பயின்ற பார்ட்ச், பள்ளியில் படிக்கும்போதே ஊமைப்படங்களுக்குத் திரையரங்கில் பியானோ வாசித்துப் பணம் ஈட்டினார். 1919இல் பள்ளிப் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார். அதன் பின் தாயும் மகனும் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேறினர். 1920இல் டிராம் வண்டி விபத்தில் தாயாரும் உயிரிழந்தார். அப்போது பார்ட்ச்சுக்கு 19 வயதுகூட முழுமையாகக் கடந்திருக்கவில்லை, அல்லது அப்போதுதான் கடந்திருந்தது.

இசைக் கல்வியும் மனமாற்றமும்

1920இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் சேர்ந்த பார்ட்ச், அங்கு கற்பித்தவை மனநிறைவு தராததால் 1922இல் வெளியேறினார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவிற்குச் சென்று, பொது நூலகங்களில் தாமாகவே படிக்கத் தொடங்கினார். அச்சுப்படி திருத்துநர், பியானோ ஆசிரியர், கப்பல் பணியாள் எனப் பல வேலைகளைச் செய்து பிழைத்தார்.

1923இல் செருமானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்சு எழுதிய ஒலியுணர்வு பற்றிய நூல் இவர் கைக்குக் கிடைத்தது. இரு சுரங்கள் இணைந்து இனிமையாக ஒலிப்பதற்கு அவற்றின் அதிர்வெண்கள் எளிய விகிதத்தில் அமைவதே அடிப்படை என்பதை அந்நூல் விளக்கியது. பியானோவின் சுரங்கள் இவ்விகிதங்களிலிருந்து விலகியவை என்பதையும் பார்ட்ச் அதிலிருந்து அறிந்துகொண்டார். தாம் அதுவரை பயின்ற இசையின் அடித்தளமே சமரசமானது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அடுத்த சில ஆண்டுகள் விகிதங்களின் அடிப்படையில் ஒரு புதிய சுர அமைப்பை உருவாக்குவதில் கழிந்தன. 1930இல் நியூ ஆர்லியன்சு நகரில் தங்கியிருந்தபோது, சுமார் 14 ஆண்டுகளாகத் தாம் எழுதிய இசைப் படைப்புகள் அனைத்தையும் ஓர் இரும்பு அடுப்பிலிட்டு எரித்தார். பழைய முறைக்குத் திரும்பும் வழியை அவர் தாமே அடைத்துக்கொண்டார் எனலாம்.

43 சுரங்கள்

பார்ட்ச்சின் கருவிகளைப் புரிந்துகொள்ள அவரது சுர அமைப்பைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

ஒரு சுரத்தின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் அடுத்த ஸ்தாயியின் அதே சுரம் கிடைக்கும். அதாவது விகிதம் 2:1 ஆகும். 3:2 என்ற விகிதம் சட்ஜத்திற்கும் பஞ்சமத்திற்கும் இடையே உள்ள உறவாகும். 4:3 சுத்த மத்தியமத்தையும், 5:4 அந்தர காந்தாரத்தையும் தரும். பியானோவில் ஸ்தாயி 12 சம இடைவெளிகளாகப் பிரிக்கப்படுவதால், இவ்விகிதங்கள் துல்லியமாக அமைவதில்லை. ஒரு ஸ்தாயியை 1200 செண்ட் என்ற அலகுகளாகக் கொண்டால், 5:4 என்ற இடைவெளி ஏறத்தாழ 386 செண்ட் ஆகும். பியானோவில் அதற்கு ஈடான இடைவெளி 400 செண்ட் ஆகும். இந்த 14 செண்ட் வேறுபாட்டைப் பயிற்சி பெற்ற காது உணர முடியும்.

பார்ட்ச் 2, 3, 5 ஆகிய எண்களோடு நிற்கவில்லை. 7, 11 ஆகிய எண்களையும் சேர்த்துக்கொண்டார். எடுத்துக்காட்டாக, 11:8 என்ற விகிதம் தரும் சுரம் ஏறத்தாழ 551 செண்ட் உயரத்தில் உள்ளது. இது பியானோவின் 500, 600 செண்ட் சுரங்களுக்குக் கிட்டத்தட்ட நடுவில் அமைவதால், பியானோவில் அதனை வாசிக்கவே இயலாது.

1, 3, 5, 7, 9, 11 ஆகிய ஆறு எண்களை மேலும் கீழுமாக வைத்து அமைக்கக்கூடிய பின்னங்கள் 36 ஆகும். இவற்றுள் ஒரே மதிப்புடையவற்றை நீக்கினால் 29 சுரங்கள் எஞ்சும். இந்த அட்டவணையைச் சாய்சதுர வடிவில் அவர் வரைந்தார். அவ்வாறு பெற்ற 29 சுரங்களுக்கு இடையே உள்ள பெரிய இடைவெளிகளை நிரப்ப மேலும் 14 சுரங்களைச் சேர்த்தார். இவ்வாறு 43 சுரங்கள் கொண்ட வரிசை உருவானது. 392 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சுரத்தை இவர் ஆதார சுருதியாகக் கொண்டார்.

இவ்வளவு சுரங்கள் தேவைப்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மனிதர் பேசும்போது குரல் ஏறி இறங்கும் நுண்ணிய அசைவுகளை இசையில் அப்படியே கொண்டுவர வேண்டும் என்பது பார்ட்ச்சின் நோக்கமாக இருந்தது. சொற்களை நீட்டி இழுத்துப் பாடுவதைவிட, பேச்சின் இயல்பான ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றுவதே பண்டைய கிரேக்கர், சீனர் முதலியோரின் முறை என்று அவர் கருதினார். இசை, சொல், உடலசைவு, நாடகம் ஆகியவை ஒன்றாக இணைந்த கலையே முழுமையான கலை என்பதும் அவரது கொள்கையாகும்.

முதற் கருவியும் ஐரோப்பியப் பயணமும்

பார்ட்ச் உருவாக்கிய முதற் கருவி, மாற்றியமைக்கப்பட்ட வியோலா ஆகும். வியோலாவின் உடற்பகுதியில் செலோவின் நீண்ட விரற்பலகையைப் பொருத்தி, சுரங்கள் அமையும் இடங்களில் சிறு ஆணிகளை அடித்து அடையாளமிட்டார். இது 1930இல் நியூ ஆர்லியன்சில் நிறைவுபெற்றது. இதனை முழங்கால்களுக்கு இடையே வைத்து வாசித்தபடி, சீனக் கவிஞர் லி போவின் கவிதைகளுக்குத் தாம் அமைத்த இசையைத் தாமே பாடி நிகழ்ச்சிகள் நடத்தினார்.

1934இல் கார்னகி நிறுவனம் 1,500 டாலர் நல்கை வழங்கியது. அதைக் கொண்டு பார்ட்ச் இங்கிலாந்து சென்று, பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சுருதி வரலாற்றை ஆராய்ந்தார். டப்ளின் நகரில் ஐரியக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்சைச் சந்தித்து, அவர் மொழிபெயர்த்த ஈடிப்பசு மன்னன் நாடகத்திற்கு இசையமைக்கும் தமது திட்டத்தை விளக்கினார். யேட்சு அதனை ஆர்வத்துடன் வரவேற்றார். லண்டனில் கேத்லீன் ஷ்லெசிங்கர் என்ற ஆய்வாளரையும் சந்தித்தார். பண்டைய கிரேக்கப் பூச்சாடி ஓவியத்தைப் பார்த்து அவர் மீட்டுருவாக்கிய கித்தாரா என்னும் நரம்புக் கருவி பார்ட்ச்சை மிகவும் கவர்ந்தது. பிற்காலத்தில் பார்ட்ச் செய்த கித்தாராவிற்கு இதுவே தூண்டுதலாக அமைந்தது.

நாடோடி வாழ்க்கை

1935இல் நல்கைப் பணம் தீர்ந்த நிலையில் பார்ட்ச் அமெரிக்கா திரும்பினார். அப்போது நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்தது. வேலை கிடைக்காத இலட்சக்கணக்கானோரைப் போல அவரும் சரக்குத் தொடர்வண்டிகளில் ஏறி ஊர் ஊராக அலைந்தார். பழத்தோட்டங்களில் கூலி வேலை, பாத்திரம் கழுவும் வேலை, அச்சுப்படி திருத்தும் வேலை எனக் கிடைத்ததைச் செய்தார். அரசு நடத்திய தற்காலிக முகாம்களில் தங்கினார். 1943 வரை இடையிடையே இவ்வாழ்க்கை தொடர்ந்தது.

இந்த அலைச்சலின் முதல் மாதங்களில் ஒரு நாட்குறிப்பை எழுதினார். வழியில் சந்தித்தவர்களின் பேச்சைச் சொற்களாக மட்டுமன்றி, இசைக் குறியீடுகளாகவும் அதில் பதிவு செய்தார். பின்னாளில் அதனை அவரே அழித்துவிட்டபோதிலும், நுண்படச் சுருளில் ஒரு படி எஞ்சியிருந்தது. கசப்பான இசை எனப் பொருள்படும் தலைப்பில் அது அவரது மறைவிற்குப் பின் 1991இல் நூலாக வெளியானது.

கையில் பணம் இல்லாத இக்காலத்திலும் கருவி செய்வதை அவர் நிறுத்தவில்லை. 1938இல் முதல் கித்தாராவை உருவாக்கினார். 1941இல் பழைய கால்மிதி ஆர்மோனியம் ஒன்றின் நாக்குகளை மாற்றிச் சுருதி சேர்த்து, க்ரோமலோடியன் என்று பெயரிட்டார்.

அவரது புகழ்பெற்ற இரு படைப்புகளும் இந்த வாழ்க்கையிலிருந்தே பிறந்தன. கலிபோர்னியாவின் பார்ஸ்டோ ஊருக்கு அருகில், நெடுஞ்சாலைத் தடுப்பு ஒன்றில், வண்டிக்காகக் காத்திருந்த வழிப்போக்கர்கள் கிறுக்கி வைத்திருந்த எட்டு வாசகங்களுக்கு இசையமைத்து பார்ஸ்டோ (1941) என்ற படைப்பை எழுதினார். 1941இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோ வரை சரக்குத் தொடர்வண்டிகளில் மேற்கொண்ட பயணத்தை யூ. எஸ். ஹைபால் (1943) என்ற படைப்பாக்கினார். நிலையங்களின் பெயர்களும் சக நாடோடிகளின் பேச்சுத் துணுக்குகளும் இதன் பாடல் வரிகளாகும்.

பல்கலைக்கழகங்களும் பட்டறைகளும்

1943இல் குகன்ஹைம் நல்கை கிடைத்ததும் பார்ட்ச்சின் நிலை ஓரளவு மாறியது. 1944 ஏப்ரல் 22 அன்று நியூயார்க் நகரின் கார்னகி சிற்றரங்கில் இவரது படைப்புகள் அரங்கேறின. அதே ஆண்டு முதல் 1947 வரை மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். அங்கு எழுதி முடித்த ஓர் இசையின் தோற்றம் எனப் பொருள்படும் நூலை 1949இல் அப்பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் வெளியிட்டது. எனினும் இசைத் துறை அவருக்கு ஆசிரியப் பணி வழங்கவில்லை.

பின்னர் கன்னர் யோகன்சன் என்ற பியானோ கலைஞர் வட கலிபோர்னியாவின் குவாலாலா ஊரில் தமக்கிருந்த பண்ணையில் பார்ட்ச்சுக்கு இடமளித்தார். அங்கிருந்த பழைய கொல்லுலைக் கூடத்தைப் பார்ட்ச் தமது கைகளாலேயே பழுதுபார்த்துப் பட்டறையாகவும் வீடாகவும் மாற்றிக்கொண்டார். உடல்நலக் குறைவால் 1951இல் ஓக்லாந்திற்கு இடம் மாறினார். 1952 மார்ச்சில் மில்ஸ் கல்லூரியில் ஈடிப்பசு மன்னன் அரங்கேறியது. யேட்சைச் சந்தித்து 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. யேட்சு 1939இலேயே மறைந்துவிட்டார். அவரது மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தி இசைத்தட்டு வெளியிட உரிமையாளர் தரப்பு அனுமதி மறுத்தது. எனவே வேறொரு மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு பார்ட்ச் முழுப் படைப்பையும் திருத்தி எழுத நேரிட்டது.

1953இல் சாசலிட்டோ ஊரில், போர்க்காலத்திற்குப் பின் கைவிடப்பட்ட கப்பல் கட்டும் தளம் ஒன்றில் பட்டறை அமைத்தார். அதன் நுழைவாயிலின் பெயரால் கேட் 5 என்ற இசைக்குழுவும், அதே பெயரில் இசைத்தட்டு வெளியீடும் தொடங்கப்பட்டன. பெரிய நிறுவனங்கள் இவரது இசையை வெளியிட முன்வராத நிலையில், முன்பணம் செலுத்திய ஆர்வலர்களுக்கு இசைத்தட்டுகளைத் தாமே அஞ்சலில் அனுப்பினார். இவ்வருவாயே பல ஆண்டுகள் அவரது வாழ்க்கைக்கு ஆதாரமாக இருந்தது.

1956 முதல் 1962 வரை, இடைவெளியுடன், இலினோய் பல்கலைக்கழகத்துடன் தொடர்பு கொண்டிருந்தார. அங்கு மாயவசப்பட்டோர் (1957), நீதிமன்றப் பூங்காவில் வெளிப்பாடு (1961) ஆகிய மேடைப் படைப்புகள் அரங்கேறின. முதலாவதன் நடன அமைப்பு தமது கருத்துக்கு மாறாக இருந்ததாகப் பார்ட்ச் அதிருப்தி கொண்டார். தம் படைப்பில் இசை வேறு, நடனம் வேறு என்று பிரிக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை.

1962இல் கலிபோர்னியா திரும்பி, பெட்டலூமா ஊரில் கைவிடப்பட்ட கோழிக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் பட்டறை அமைத்தார். 1964இல் அதனையும் காலி செய்து தென் கலிபோர்னியாவிற்குச் சென்றார். ஒவ்வொரு முறையும் ஆள் உயரத்தை மிஞ்சிய கருவிகளைப் பிரித்து, கட்டி, ஏற்றி, இறக்கி, மீண்டும் பூட்டிச் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது.

கருவிகள்

பார்ட்ச்சின் கருவிகள் மூன்று வகைப்படும்: நரம்புக் கருவிகள், காற்றால் ஒலிக்கும் கருவிகள், தட்டி ஒலிக்கும் கருவிகள். இவற்றுள் தட்டி ஒலிப்பவையே மிகுதி. முக்கியமானவை கீழே தரப்பட்டுள்ளன.

* கித்தாரா: 72 கம்பிகள் கொண்டது. ஆறு ஆறாக 12 தொகுதிகளாகக் கம்பிகள் கட்டப்பட்டுள்ளன. சில தொகுதிகளின் கீழ்க் கண்ணாடிக் கோல்கள் உள்ளன. அவற்றை நகர்த்தும்போது ஆறு கம்பிகளின் சுருதியும் ஒன்றாக வழுக்கிச் செல்லும். 1954இல் உருவாக்கப்பட்ட இரண்டாவது கித்தாரா மிக உயரமானதால், வாசிப்பவர் மேடைப் படியொன்றின் மீது நிற்க வேண்டும்.

* க்ரோமலோடியன்: சுருதி மாற்றப்பட்ட ஆர்மோனிய வகை. ஒரு ஸ்தாயிக்கு 43 சுரங்கள் என்பதால், ஒரு ஸ்தாயியை வாசிக்க, வழக்கமான விசைப்பலகையில் மூன்றரை ஸ்தாயிக்கும் மேற்பட்ட இடம் தேவை. விசைகளின் மீது வண்ணங்களும் விகித எண்களும் குறிக்கப்பட்டுள்ளன. பிற கருவிகளுக்குச் சுருதி சேர்க்கவும் இதுவே பயன்பட்டது.

* ஹார்மோனிக் கேனன்: 44 கம்பிகள் கொண்ட பெட்டி வடிவக் கருவி. கம்பிகளின் கீழுள்ள குதிரைகளை நகர்த்தி ஒவ்வொரு படைப்பிற்கும் வெவ்வேறு சுர அமைப்பை உருவாக்கலாம்.

* சாய்சதுர மரிம்பா (1946): மேலே குறிப்பிட்ட 36 பின்னங்களின் அட்டவணையே கருவியாக மாற்றப்பட்டது எனலாம். 36 மரக்கட்டைகள் சாய்சதுர வடிவில் அடுக்கப்பட்டுள்ளன. கோலைச் சாய்வாக ஒரு வரிசையில் இழுத்தால் ஒரு முழு இசைவுக் கூட்டு ஒலிக்கும். எதிர்ச் சாய்வில் இழுத்தால் அதன் தலைகீழ் வடிவம் ஒலிக்கும்.

* மந்தர மரிம்பா (1950): ஸ்புரூஸ் மரத்தாலான 11 பெரிய கட்டைகள் கொண்டது. வாசிப்பவர் உயர்ந்த பலகையில் நின்று வாசிக்க வேண்டும்.

* மரிம்பா எரோய்க்கா: நான்கு பெரும் பலகைகளும், அவற்றுக்கான மிகப் பெரிய ஒத்ததிர்வுப் பெட்டிகளும் கொண்டது. இதன் மிகத் தாழ்ந்த சுரம் நொடிக்கு 22 அதிர்வுகள் கொண்டது. பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 அதிர்வுகள் கொண்டது. மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 என்பதால், இவ்வொலியைக் கேட்பதைவிட உடலால் உணர்வதே அதிகம்.

* மேக அறைக் கிண்ணங்கள் (1950): பெர்க்லி நகரின் கதிரியக்க ஆய்வகத்தில் அணுத் துகள்களின் தடத்தைக் காணும் மேக அறைகளுக்காக வெட்டப்பட்ட பெரிய பைரெக்ஸ் கண்ணாடிக் குடுவைகளின் பகுதிகளைக் கொண்டு அமைத்தது. ஒரு சட்டத்திலிருந்து தொங்கவிடப்பட்ட கிண்ணங்களின் ஓரத்தை மென்மையான கோலால் தட்டினால், மணி போன்ற நீண்ட ஒலி எழும். கிண்ணத்தின் சுருதியை முன்கூட்டியே தீர்மானிக்க இயலாது. ஒரு கிண்ணம் உடைந்தால் அதே சுரம் தரும் மற்றொன்று கிடைப்பது அரிது.

* போரின் கொள்ளைப் பொருள் (1950): பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகள், கண்ணாடிக் கிண்ணங்கள், மரக்கட்டை, வளையும் எஃகுத் தகடுகள் முதலியவற்றை ஒரே சட்டத்தில் இணைத்த கருவி.

* பூ (1955): 64 மூங்கில் குழாய்கள் கொண்ட மரிம்பா. வறண்ட, குறுகிய ஒலி தருவது.

* ஜைமோ-சைல் (1963): கவிழ்த்து வைத்த மதுப் புட்டிகள், ஓக் மரக்கட்டைகள், மகிழுந்துச் சக்கர மூடிகள் ஆகியவை கொண்டது. நொதித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் மரத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது இப்பெயர்.

* மஸ்தா மரிம்பா (1963): உட்பகுதிகள் நீக்கப்பட்ட 24 மின்விளக்குக் குமிழ்கள் கொண்டது. பாரசீக ஒளிக் கடவுளான அகுரா மஸ்தாவின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. ஒலி மிக மெல்லியதாகையால் ஒலிபெருக்கி தேவைப்படும்.

* சுரைமரம், கூம்புச் சேகண்டிகள் (1964–65): யூகலிப்டஸ் மரக்கிளையில் 12 சுரைக்குடுக்கைகளும், அவற்றுடன் சீனக் கோயில் மணிகளும் பொருத்தப்பட்டவை சுரைமரம். விமான எரிபொருள் கலன்களின் மூக்குக் கூம்புகளால் ஆனவை கூம்புச் சேகண்டிகள்.

பெரும்பாலான கருவிகளுக்குத் தனித்தனிக் குறியீட்டு முறைகளைப் பார்ட்ச் வகுத்தார். கம்பி எண், கட்டை எண், விகிதம் என ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு வகையில் இசை எழுதப்பட்டது. எனவே தேர்ந்த கலைஞர்களும் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது. கருவிகளை மேடைக்குக் கீழே மறைத்து வைப்பதை அவர் விரும்பவில்லை. அவையே மேடையின் காட்சியமைப்பாக விளங்க வேண்டும், வாசிப்பவர் தம் உடலசைவால் நாடகத்தில் பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அதனால் ஒலியைப் போலவே கருவிகளின் தோற்றத்திலும் மிகுந்த கவனம் செலுத்தினார்.

இறுதி ஆண்டுகள்

பார்ட்ச்சின் இறுதிப் பெரும் படைப்பு சினத்தின் மாயை எனப் பொருள்படும் இசை நாடகமாகும். 1965–66இல் எழுதப்பட்ட இது, 1969 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அரங்கேறியது. இதன் முதற் பகுதி ஜப்பானிய நோ நாடக மரபிலிருந்தும், இரண்டாம் பகுதி எத்தியோப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்தும் எடுக்கப்பட்டவை. போரில் கொன்றவனும் கொல்லப்பட்டவனின் ஆவியும் சினம் தணிவது முற்பகுதி. காது கேளாத நாடோடி ஒருவனும், தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடும் மூதாட்டியும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு, காது கேளாத நீதிபதியின் முன் வழக்காடுவது பிற்பகுதி. பார்ட்ச்சின் பெரிய கருவிகள் ஏறத்தாழ அனைத்தும் இதில் பயன்படுத்தப்பட்டன. கொலம்பியா நிறுவனம் 1971இல் இதன் இசைத்தட்டுகளை வெளியிட்டபோது, கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்ட்ச் அறிமுகம் செய்யும் தனி இசைத்தட்டும் இணைக்கப்பட்டது. இவ்வெளியீடு அவரைப் பரவலாக அறியச் செய்தது. கலை ஆதரவாளர் பெட்டி ஃப்ரீமேன் இறுதி ஆண்டுகளில் அவருக்குத் தொடர்ந்து உதவினார். 1972இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றும் எடுக்கப்பட்டது.

1974இல் அவரது நூலின் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு வெளியானது. அதில் எல்லாக் கருவிகளின் அமைப்பும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று சான் டியேகோவில் மாரடைப்பால் காலமானார்.

கருவிகளின் நிலை

பார்ட்ச் மறைந்தபோது கருவிகள் அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய டான்லீ மிட்செல் என்பவரின் பொறுப்பில் வந்தன. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவை வைக்கப்பட்டிருந்தன. இக்கருவிகளை எவ்வாறு காப்பது என்பது எளிய வினாவன்று. வாசித்தால் கம்பிகள் தேயும், கண்ணாடி உடையும், மரக்கட்டைகள் விரிசல் விடும். வாசிக்காமல் அருங்காட்சியகத்தில் பூட்டி வைத்தால் பார்ட்ச்சின் இசையே ஒலிக்காது.

1990இல் பொறுப்பு டீன் டிரம்மண்டிடம் வந்தது. இளமையில் பார்ட்ச்சின் குழுவில் வாசித்த இவர், தமது நியூபேண்ட் குழுவின் மூலம் கருவிகளைத் தொடர்ந்து மேடையேற்றினார். 1999இல் கருவிகள் நியூ ஜெர்சி மாநிலத்தின் மான்ட்கிளேர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றன. டிரம்மண்ட் 2013இல் மறைந்த பின், 2014இல் அவை நாட்டின் மறுகோடியில் உள்ள சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. படைத்தவரைப் போலவே கருவிகளும் இடம் மாறிக்கொண்டே இருந்தன.

இதற்கிடையே மூலக் கருவிகளின் படிகளைச் செய்யும் முயற்சிகளும் நடந்தன. செருமனியின் கோல்ன் நகரைச் சேர்ந்த மியூசிக்பாப்ரிக் குழுவிற்காக முழுத் தொகுதியும் புதிதாகச் செய்யப்பட்டது. அவற்றைக் கொண்டு 2013இல் போகும் நகரில் சினத்தின் மாயை அரங்கேறியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கிதார் கலைஞர் ஜான் ஷ்னைடர் அமைத்த குழுவும் படிக் கருவிகளைக் கொண்டு இசைத்து வருகிறது. இக்குழுவின் இசைத்தட்டு ஒன்று 2015இல் கிராமி விருது பெற்றது. ஒரே ஒரு தொகுதிக் கருவிகளை நம்பியிருந்த இசை, இவற்றால் அந்த ஆபத்திலிருந்து ஓரளவு விடுபட்டது.

தாக்கம்

இசையமைப்பாளர் லூ ஹாரிசன், பார்ட்ச்சின் நூலைப் படித்து விகித முறைச் சுருதிக்கு மாறினார். குவாலாலாவில் பார்ட்ச்சுடன் தங்கிப் பயின்ற பென் ஜான்ஸ்டன், அம்முறையை வழக்கமான வயலின், செலோ முதலிய கருவிகளுக்கு ஏற்ப வளர்த்தெடுத்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜார்ஜ் லிகெட்டி 1972இல் பார்ட்ச்சை நேரில் சந்தித்தார். பாடகர் டாம் வெயிட்சின் 1983ஆம் ஆண்டு இசைத்தொகுப்பிலும் பார்ட்ச்சின் தாக்கத்தைக் காணலாம். யூ. எஸ். ஹைபால் படைப்பின் 1946ஆம் ஆண்டு ஒலிப்பதிவு, 2004ஆம் ஆண்டிற்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

முக்கிய படைப்புகள்

* லி போவின் பதினேழு பாடல்கள் (1930–33)
* பார்ஸ்டோ (1941)
* யூ. எஸ். ஹைபால் (1943)
* பதினொரு குறுக்கீடுகள் (1949–50)
* ஈடிப்பசு மன்னன் (1951, திருத்தம் 1952–54)
* மீட்டும், தட்டும் கருவிகளுக்கான நடனங்கள் (1952)
* மாயவசப்பட்டோர் (1955)
* நீதிமன்றப் பூங்காவில் வெளிப்பாடு (1960)
* ஏழாம் நாளில் பெட்டலூமாவில் இதழ்கள் உதிர்ந்தன (1963–66)
* சினத்தின் மாயை (1965–66)